வெட்டிய மூலை

லான்செஸ்டனில் ஜூலை மாதம்.
எஸ்க் ஆற்றிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம்
எங்கள் அலுவலகக் கண்ணாடிக் கதவில்
முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறது.
எட்டரைக்கே வரிசை கார் நிறுத்துமிடம் வரை.

எல்லோர் கையிலும் ஒரே கடிதம்.
'உங்கள் தனியுரிமையைப் பெரிதும் மதிக்கிறோம்'
என்று ஆரம்பிக்கிறது.
மதிப்பில் ஆரம்பிக்கிற கடிதம் எங்கே போய் முடியும் என்பது
வேலை போன எவருக்கும் தெரியும்.

தொலைபேசிக் கம்பெனியின்
பூட்டாத பின்வாசல் வழியே
உரிம எண்கள் போய்விட்டன,
பிறந்த தேதிகள், பாஸ்போர்ட் நகல்கள்,
ஆறு வருடம் முன்பு ஒரு சிம் அட்டைக்காக
ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டவை.
ஏன் இத்தனை நாள் வைத்திருந்தார்கள்?
கடிதத்தில் அதற்கு இடம் போதவில்லை.

நான் மூன்றாம் கவுண்ட்டர். பெயர்ப்பட்டையில் கார்வின்.
புது எண்ணுக்குப் படிவம் பதினேழு.
பழைய அட்டையின் மூலையைக் கத்தரித்துக் கொடுப்பேன்.
கட்டணத்தைக் கம்பெனி திருப்பித் தருமாம்.
எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள்.
'டோக்கன் எண் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடு,
அதுதான் அன்பு' என்பார் மேலாளர் புரூடென்ஸ்.

பிரிட்போர்ட்டிலிருந்து வந்த படகுக்காரர் கேட்டார்:
"என் பெயரில் கடன் வாங்குகிறவன்
என் கடனையும் சேர்த்து எடுத்துக்கொள்வானா?"
வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவள்.
மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தாள்.
கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.
"எண்ணை மாற்றினால் போதுமா?"
போதும் என்றேன், அன்று நாற்பது பேரிடம் சொன்ன அதே போதும்.
பெயரைத் தட்டினேன். திரையில்
கீழே ஒரு வரி விரிந்தது:
முன்பு வழங்கிய பெயர்.
அதை மனதுக்குள் படித்தேன்.
இங்கே எழுதமாட்டேன்.

"அந்த வரிதான்," என்றாள்.
"பெயர் மாறியதற்குச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தேன்.
பில் என் பெயரில் வர வேண்டாமா?
திருடினவனுக்கு நான் யாரோ.
பர்னியில் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு அப்படியில்லை.
என் வங்கிக் கணக்கு அவனுக்கு வேண்டாம்.
தெரு பெயர் போதும்.
விலை கொடுத்து வாங்குவான்."

உலைவாயை மூட மூடி உண்டு.
படிவம் பதினேழைத் திருப்பியும் பார்த்தேன்,
இதற்கு ஒரு கட்டம் இல்லை.
திரை என் பக்கம்தான் இருந்தது.
தெரிந்தும் இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

"இதை எத்தனை பேர் பார்க்கலாம்?"
இந்த அலுவலகத்தில் ஏழு பேர்.
ஹோபார்ட்டில் எத்தனையோ.
"ஏழு" என்றேன்.

முகவரியை மறைக்க வேறொரு விண்ணப்பம் உண்டு,
மூன்று வாரம் ஆகும் என்றேன்.
"பள்ளி திறக்க இன்னும் பத்து நாள்," என்றாள்,
என்னிடம் இல்லை, கவுண்ட்டரின் விளிம்பிடம்.
அவசரம் என்று சிவப்புப் பேனாவால் எழுதினேன்.
சிவப்புப் பேனாவுக்கு எங்கள் துறையில்
தனி மரியாதை எதுவும் கிடையாது.

கத்தரிக்கோலை எடுத்தேன். விதிப்படி மூலை.
வெட்டினேன்.
புரூடென்ஸ் அச்சு இயந்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
இன்னொரு முறை வெட்டினேன், குறுக்காக,
வீட்டு எண்ணுக்கும் தெருவுக்கும் நடுவே,
பிறகு தெருவுக்கும் ஊருக்கும் நடுவே.
அவள் துண்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டாள்.
மேசையில் ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் பிசிறைக்கூட
விரலை நாக்கில் தொட்டு, ஒற்றி எடுத்தாள்.

அவள் வெளியே போனதும்
பனி ஒருமுறை விலகி மூடிக்கொண்டது.
முதல் தடவையாக அதற்கு நன்றி சொன்னேன்.

அடுத்து ஒரு கிழவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி.
அவர் பெயர் திரையில் இருந்தது.
"ஐம்பத்திரண்டு," என்று கூப்பிட்டேன்.
புரூடென்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.
"ஐம்பத்திமூன்று," என்றேன் பிறகு.
மாலை வரை அப்படியே.